நான் வெட்டச் சொன்ன மரங்கள்

இலங்கைக்குப் போய்விட்டு வந்தேன் என்றதும் துறையூரில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கண்டி பார்த்தாயா, சிகிரியா ஏறினாயா, யானை பார்த்தாயா என்று. ஒன்றும் பார்க்கவில்லை. மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டைக்கு மேலே ஒரு மலைச்சரிவில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தேன். பார்த்தது மரங்களும் அடிக்கட்டைகளும். அடிக்கட்டைகள்தான் அதிகம். அவை அடிக்கட்டை ஆனதற்குக் காரணம் நான்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குத் துறையூரில் ஒரு நாற்றுப் பண்ணை இருக்கிறது. வேம்பு, புங்கன், பூவரசு, மா, கொஞ்சம் தேக்கு. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களில் மரம் நடுகிறார்கள் என்றால் என்னைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். பீரோவில் இடம் இல்லாமல் பொன்னாடைகளை நாற்றுகளுக்கு மேலே நிழலுக்குக் கட்டியிருக்கிறேன். இதையெல்லாம் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டுக்கொண்டே இருந்த ஆசாமிதான் நான்.

அந்தப் படங்களைப் பார்த்துத்தான் சரோஜா என்னிடம் யோசனை கேட்டாள். என் தாத்தாவின் அண்ணன் தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பி வரவே இல்லை. அவருடைய மகன் வழிப் பேத்தி சரோஜா. எனக்குத் தங்கை முறை. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். எட்டு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்து, இரத்தோட்டைக்கு மேலே ஒரு ஏக்கர் நிலம் வாங்கினாள். வாங்கும்போதே அதில் நாற்பது சாதிக்காய் மரம் நின்றது. பரம்பரையில் சொந்தமாக மண் வைத்திருந்த முதல் ஆள் அவள்தான்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் போனில் கேட்டாள். நாற்பதில் பதினெட்டு மரம் பூக்கிறது, ஆனால் ஒரு காய்கூடக் காய்ப்பதில்லை, என்ன செய்யலாம் என்றாள். நான் அப்போது டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். காய்க்காத மரம் சும்மா நின்று உரத்தைத் தின்னும், வெட்டிப் போடு, மற்றதுக்கு வெயிலும் சத்தும் கிடைக்கும் என்றேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். அதுவரை நான் ஒரு சாதிக்காய் மரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

அவள் வெட்டினாள். கிளையில் ஏற்கெனவே இருந்த காய்கள் பழுத்து விழுந்தன. அதற்குப் பிறகு காய் பிடிக்கவே இல்லை. நான் சாம்பல் சத்து போடச் சொன்னேன், வேப்பம் புண்ணாக்கு வைக்கச் சொன்னேன். எதுவும் பலிக்கவில்லை. நேரில் வந்து பாருங்கண்ணே என்று கூப்பிட்டாள். போனேன்.

வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு அவளே வேனில் வந்திருந்தாள். புதன் காலையிலேயே வீட்டைப் பூட்டிவிட்டு, பதினாலு வயது மகளோடு கொழும்புக்கு வந்து, அங்கே இரும்புக் கடையில் வேலை செய்யும் கணவனுடைய அறையில் தங்கியிருக்கிறாள். எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாளே என்று உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. வழி நெடுக மழை. எங்கள் ஊரில் ஒரு வேப்பங்கன்று பிழைக்க இரண்டு கோடை குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். இங்கே வேலிக்கு ஊன்றிய குச்சியெல்லாம் தளிர்விட்டு மரமாகி நிற்கிறது. இந்த மண்ணில் போய் மரம் காய்க்கவில்லையாம் என்று எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் தேங்காய் ரொட்டியும் கொச்சிக்காய் இடித்த சம்பலும் வைத்தாள். கொச்சிக்காய் என்றால் மிளகாய். ஒரு வாய் வைத்ததும் காதுக்குள் புகை வந்தது. கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டோடு வெறும் தேத்தண்ணி, பால் விடாத டீ. மகள் தர்ஷினி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். கலகலப்பான பிள்ளைதான், ஆனால் தாயிடம் பேசும்போது மட்டும் ஒரு விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசினாள். எட்டு வருஷம் அவளை வளர்த்தது அவளுடைய அத்தை. சரோஜா திரும்பி வந்த புதிதில் பிள்ளை பக்கத்தில்கூட வந்து படுக்காதாம். இப்போதுதான் ஒரு வருஷமாகத் தலைவாரிவிடச் சொல்லி வந்து உட்காருகிறாள் என்றாள் சரோஜா.

சாப்பிட்டதும் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாள். இருபத்திரண்டு மரமும் கரும்பச்சையாக, தரையைத் தொடும் கிளைகளோடு நின்றன. அப்படி ஒரு லட்சணம். நடுவில் நடுவில் பதினெட்டு அடிக்கட்டை, பாசி பிடித்து, ஓரத்தில் காளான் முளைத்து. நான் வழக்கம்போல மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். மேடைகளில் இதைச் செய்தால் கை தட்டுவார்கள். மண்ணில் புளிப்பு இருக்கிறது, அதுதான் கோளாறு என்று அறிவித்தேன்.

அப்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். "இந்த வருசமும் காய் பிடிக்கல, நான் திரும்பக் குவைத்துக்குப் போறேண்ணே. ஏஜென்சியில எழுதிக் கொடுத்திட்டேன். செவ்வாய்க்கிழம கொழும்புல மெடிக்கல்."

எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டேன். இரண்டு என்று சொல்வார்கள், போனவுடன் அது நாலாகும், மகள் கல்யாண வயதுக்கு வந்துவிடுவாள் என்றாள். மெடிக்கலில் பாஸானால் விசா தானாக வந்துவிடுமாம். அடுத்த வருஷம் காய்க்கும் என்று நீங்கள் உறுதியாகச் சொன்னால் போகவில்லை என்றாள். நான் பார்க்கலாம், பார்க்கலாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பையில் மண்ணைக் கட்டிக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறினேன். முன்னால் ஒரு சீட் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. கண்டக்டர் வந்து தோளைத் தட்டி, தலைக்கு மேலே எழுதியிருந்ததைக் காட்டினார். மதகுருமாருக்கான இருக்கை. எழுந்து, மண் பையோடு மாத்தளை வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனேன். எங்கள் ஊர் பஸ்ஸில் பெண்கள் சீட்டில் உட்கார்ந்த கிழவரை எழுப்பினால் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். இங்கே ஒருவரும் சத்தம் போடவில்லை. அது இன்னும் கூச்சமாக இருந்தது.

மண் பார்க்கும் ஆபீசில் அதிகாரி வெளியே போயிருக்கிறார், பின்னேரம் வாருங்கள் என்றார்கள். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சும்மா நிற்பதற்கு ஒரு வாசனைத் தோட்டம் பார்க்கலாமே என்று தமிழும் சிங்களமுமாகச் சொன்னார். சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப் போய், ஏலம் கிராம்பு காட்டி, கடைசியில் தைலம் விற்கிற இடம். எனக்கும் பொழுது போக வேண்டும். போனேன்.

அங்கே லுங்கிபோலச் சாரம் கட்டிய ஒரு வழிகாட்டி வெள்ளைக்காரத் தம்பதிக்கு ஒவ்வொரு மரமாகக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். நானும் பின்னாலேயே போனேன். சாதிக்காய் மரத்தடியில் நின்று அவர் சொன்னது இதுதான்: "இது பெண். அதோ அது ஆண். ஆண் மரத்தில் பூ கொத்தாக வரும், காய் வராது. பத்துப் பெண் மரத்துக்கு ஒரு ஆண் போதும். ஆனால் அந்த ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் பத்தும் வெறும் நிழல்தான்." வெள்ளைக்காரர் மனைவியிடம் ஏதோ கிண்டலாகச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ கையில் ஒரு கிளாஸ் கொக்கோ பானத்தைக் கொடுத்தார்கள், குடித்தேன், என்ன ருசி என்று தெரியவில்லை. ஆண்பனை பெண்பனை எங்கள் ஊரில் மூக்கொழுகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். பப்பாளியில் ஆண் மரம் உண்டு என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சாதிக்காயும் அப்படி இருக்குமோ என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் யோசித்தேனா? தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையே. மண்டைக்கனம். வேறொன்றும் இல்லை. மண் பையை அங்கேயே ஒரு செடிக்கடியில் கொட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொல்லவில்லை. பலாக்காய்க் கறியும் சோறும் போட்டாள். மண்ணைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். அதிகாரி இல்லை என்றேன். அது பொய்யில்லைதான்.

சனிக்கிழமை விடிந்ததும் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்ச் சொல்லிவிட்டேன். வெட்டிய பதினெட்டும் ஆண் மரம், அதனால்தான் காய்க்கவில்லை, மற்றவை காய்த்ததே அவற்றால்தான், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவள் முதலில் சிரித்தாள். அப்போ நான் ஆம்பிளைங்களை எல்லாம் வெட்டிப்புட்டேனா என்றாள். அப்புறம் ஓர் அடிக்கட்டையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணே, இத இங்க யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. நான்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன், எங்கண்ணே சொல்லிட்டாருன்னு. எட்டு வீட்டுல வெட்டியிருக்காங்க."

எட்டு வீடு! அவள் தோட்டத்தில் நான் செய்தது போதாதென்று அந்தச் சரிவு முழுக்கச் செய்திருக்கிறேன். என் பொன்னாடைப் படங்களைக் காட்டியிருக்கிறாள். எல்லோரும் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, கால் ஏக்கர் அரை ஏக்கர் என்று வாங்கிக்கொண்டு வந்தவர்கள். சாதிக்காயும் மிளகும்தான் அவர்களுக்குப் பிடிமானம். எங்கும் காய் குறைந்துவிட்டது. அவர்கள் மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கேயே நின்றபோது மேல்கோடி மரங்களை நிமிர்ந்து பார்த்தேன். இலைக்கு நடுவில் ஒரு காய். பக்கத்து மரத்தில் இன்னும் இரண்டு. சரோஜாவையும் தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு மரம் மரமாகத் தேடினோம். மேல்கோடி மரங்களில் மட்டும் மொத்தம் பதினொரு காய். போனில் இதையெல்லாம் அவள் ஒரு பொருட்டாகச் சொன்னதே இல்லை. பதினொரு காயை என்னவென்று சொல்வது?

எனக்கோ உயிர் வந்தது. பூ பிஞ்சாகி காய் முற்ற எட்டொன்பது மாசம் ஆகும் என்று வாசனைத் தோட்டத்து வழிகாட்டி சொல்லியிருந்தார். அப்படியென்றால் போன வருஷம்கூட எங்கோ பக்கத்தில் ஓர் ஆண் மரம் உயிரோடு நின்றிருக்கிறது. அது இன்னும் நின்றால் போதும். சின்னஞ்சிறு வண்டுகள்தான் மகரந்தத்தைக் கொண்டு போகின்றன, அதற்கு வழி விட்டு, நடுவிலுள்ள புதரைக் கழித்து, அந்த மரத்தைக் கண்ணைப்போலக் காத்தால், அடுத்த வருஷம் காய் பார்க்கலாம் என்று சரோஜாவிடம் சொன்னேன். மறுபடியும் உறுதியாகச் சொல்கிறேனே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவள் முகம் தெளிந்தது. அப்படி ஒண்ணு கிடைச்சிட்டா மெடிக்கலுக்குப் போகலேண்ணே என்றாள்.

அன்று முழுக்க வீடு வீடாகப் போனோம். எல்லா இடத்திலும் தேத்தண்ணி, பிஸ்கட், நாற்காலியைத் துடைத்துப் போடுதல். எல்லோருக்கும் நான் இந்தியா ஐயா. காய்க்காத மரம் எங்கேயாவது நிற்கிறதா என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டோம். ஒன்றுகூட இல்லீங்க, எல்லாத்தையும் வெட்டியாச்சு என்றார்கள், வீட்டுப்பாடம் முடித்த பிள்ளைகள்போல. ஓர் அம்மா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வெட்டிய கட்டையை விறகாகப் பிளந்து அடுக்கியிருந்ததைக் காட்டினார். நல்லா எரியுதுங்க என்றார். நான் தலையை ஆட்டினேன். ஏழாவது வீட்டில் தேத்தண்ணியைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பாக்கி இருந்தது பெருமாள் வீடு. சரோஜாவின் மேல்கோடி வேலிக்கு அடுத்த நிலம் அவருடையது. காய் இருந்த மரங்களும் அந்தப் பக்கம்தான். ஆனால் வீடு பூட்டியிருந்தது. பெருமாள் எல்கடுவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காவல் வேலை, தனி ஆள், போயா என்கிற பௌர்ணமி லீவுக்குத்தான் வருவார். அவரிடமும் அப்பவே சொல்லியாச்சு, வெட்டிட்டேன்னு அவரே எங்கிட்டச் சொன்னாரே என்றாள் சரோஜா. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தோம். இரண்டு சாதிக்காய் மரம் தெரிந்தது, இரண்டிலும் அங்கொன்று இங்கொன்றாகக் காய். பெண் மரங்கள். வீட்டுக்குப் பின்பக்கம் தெரியவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே போவது முறையில்லை என்று அவள் தடுத்துவிட்டாள். திங்கட்கிழமை போயா. வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல் வஹகோட்டைக்குப் போனோம். மாத்தளை ஆட்டோக்காரர் திரும்பும்போது சொல்லியிருந்தார், அங்கே நோனா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சிங்கள அம்மா வீட்டில் பழைய ஆண் மரம் நிற்கிறதென்று. அதிலிருந்து குச்சி எடுத்து, சரோஜாவின் பெண் மரங்களில் ஒரு கிளையில் ஒட்டுக் கட்டலாம் என்பது என் திட்டம். ஒட்டுக் கட்டுவது மட்டும் எனக்கு நிஜமாகவே தெரியும். மாங்கன்றில் ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறேன். ஆனால் ஒட்டு பிடித்தாலும் அது பூக்க மூன்று நாலு வருஷம் ஆகும். சரோஜாவுக்கு அவ்வளவு நாள் இல்லை.

நோனா கிறிஸ்தவக் கோவிலில் பூசை முடிந்து வெள்ளை உடுப்போடு வந்துகொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். சிங்களம்தான் பேசுவார், சரோஜா எனக்கு மாற்றிச் சொன்னாள். விஷயத்தைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அப்புறம் எங்களை உட்கார வைத்துச் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, மாசிக் கருவாடு போட்ட கத்தரிக்காய், அப்பளம் எல்லாம் போட்டார். அவர் வீட்டு ஆண் மரம் கிணற்றடியில் குடை விரித்தாற்போல நின்றது. கொத்துக் கொத்தாக வெளிர்மஞ்சள் பூ, கீழே நின்றால் லேசான வாசனை. அப்போதுதான் முதன்முறையாக ஒரு சாதிக்காய் மரத்தை, காய்க்கும் காய்க்காது என்கிற கணக்கு இல்லாமல் பார்த்தேன். காய் இல்லாவிட்டால் என்ன, அது அழகாக நின்றது.

இதை நீங்கள் ஏன் வெட்டவில்லை என்று கேட்கச் சொன்னேன். சரோஜா தயங்கிக் கேட்டாள். அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னார். சரோஜா உடனே மாற்றிச் சொல்லாமல் கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "அவங்க புருசன் வெட்டப் பாத்தாராம். காய்க்கலேன்னு வெட்டுறதுன்னா இந்த வீட்டுல மொதல்ல என்னையில்ல வெட்டணும்னு சொன்னாங்களாம். பிள்ள இல்லையாம்ணே அவங்களுக்கு."

குச்சிகளை ஈர வாழைமட்டையில் சுற்றிக் கொடுத்தார். இருபது குச்சி. திரும்பி வரும் வழியில் பஸ் ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. டிரைவர் கீழே படுத்தார், கண்டக்டர் போனில் கத்தினார், ஒருவரும் கோபப்படாமல் இறங்கி நிழல் தேடிப் போனார்கள். நாங்கள் ஒரு பெட்டிக்கடைத் தாழ்வாரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மழை நாட்டில் அன்றைக்கு என்று மண்டையைப் பிளக்கும் வெயில். கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி வாங்கி மட்டையில் தெளித்தேன். வீடு வந்து பிரித்தபோது ஆறு குச்சிதான் பச்சையாக இருந்தது.

திங்கள் காலையில் அந்த ஆறையும் கட்டினேன். எத்தனை பிடிக்கும் என்று சரோஜா கேட்டாள். ஒன்று பிடித்தால் அதிர்ஷ்டம் என்றேன். நான் அவளிடம் குறைத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் நான் ஊருக்குப் போகிறேன் என்பதால் அண்டை வீட்டார் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். சாதிக்காய்த் தோலில் செய்த ஜாம், சாதிபத்திரி, மிளகு என்று பொட்டலம் பொட்டலமாகக் கையில் திணித்தார்கள். வாங்கக் கூசியது, வாங்காவிட்டால் சந்தேகப்படுவார்களே என்று வாங்கிக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் பெருமாள் வந்தார். என் வயதுதான் இருக்கும், ஒடிசலான ஆள். இரண்டு செவ்விளநீரைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தோட்டத்தில் துரைக்கு முன்னால் நிற்கிற பழக்கம். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை.

"ஐயா, நா சரோஜாகிட்ட ஒரு பொய் சொல்லிப்புட்டேங்க," என்றார். "நீங்க சொன்ன மாதிரி அப்பவே வெட்டிட்டேன்னு சொன்னேன். நா வெட்டல. வீட்டுக்குப் பின்னால ஒண்ணு நின்னிச்சு."

சரோஜா என் கையைப் பிடித்தாள். அந்த மரம்தான். பதினொரு காய்க்கும் தகப்பன். இதோ, ஒரு வேலிக்கு அந்தப் பக்கம். மெடிக்கலும் வேண்டாம், குவைத்தும் வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். பெருமாள் பேசி முடித்திருக்கவில்லை.

"நீங்க நேர்ல வர்றீங்கன்னு சரோஜா சொன்னிச்சு. வந்து பாக்கிறப்ப அது நிக்கிறது மரியாத இல்லீங்களே. அதான் புதன்கிழம லீவு போட்டு வந்து வெட்டிட்டேன்."

எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். வீட்டுக்குப் பின்னால், சரோஜாவின் வேலியிலிருந்து தெரியாத பள்ளத்தில், இரண்டு கை சேர்த்துக் கட்டினாலும் பிடிபடாத அடிமரம். வெட்டுவாயில் சிவப்பாக வடிந்து காய்ந்திருந்தது. கட்டையை அளவாக நறுக்கி அடுக்கி, சுற்றிலும் கூட்டிப் பெருக்கியிருந்தார். எனக்காகப் பெருக்கியிருக்கிறார். கிளைகள் ஓரத்தில் குவியலாகக் கிடந்தன. உட்கார்ந்து, ஒட்டுக்கு ஆகுமா என்று ஒவ்வொரு குச்சியாக வளைத்துப் பார்த்தேன். எல்லாம் படக் படக்கென்று ஒடிந்தது. நுனிகளில் பூ இன்னும் கொத்தாகவே இருந்தது, பழுப்பாகி.

"சரியா வெட்டியிருக்கேனாங்க?" என்று கேட்டார் பெருமாள்.

நான் பதில் சொல்வதற்குள் சரோஜா முந்திக்கொண்டாள். "சரியாத்தான் மாமா வெட்டியிருக்கீங்க."

அவள் குரலில் ஒரு பிசிறும் இல்லை. அவர் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டதை அங்கேயே மீறினேன். இல்லை, சரியில்லை என்றேன். ஆண் மரம், பெண் மரம், வண்டு, மகரந்தம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எட்டு வீட்டிலும் வெட்டியது என் பேச்சைக் கேட்டு, எனக்கு இந்த மரத்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது, சரோஜாமேல் ஒரு தப்பும் கிடையாது, இனிமேல் தானாக முளைக்கிற எந்தக் கன்றையும் தயவுசெய்து வெட்டாதீர்கள் என்று சொன்னேன். பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விறகு காட்டிய அம்மா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்.

பெருமாள் அடிமரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அது தெரியும்ங்க."

"எது தெரியும்?"

"ஆம்பிள மரம்னு. எங்கப்பாரு சொல்லியிருக்காரு, இது போச்சுன்னா மத்தது காய்க்காதுன்னு. அதாங்க ரெண்டு வருசமா மனசு வரல."

தெரிந்துமா வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க படிச்சவங்க, இந்தியாவுல இருந்து சொல்றீங்க," என்றார். "நாங்க தோட்டத்து ஆளுங்க. எங்கப்பாரு தப்பாச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேங்க."

நாளைக்கு மெடிக்கலுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், இன்றைக்கு நேரத்தோடு சமைக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சரோஜா வேலியைத் தாண்டி இறங்கிப் போனாள்.